காலனி: சொல்லும் பொருளும்

‘காலனி’ என்னும் சொல் பிறந்த இடம் உழவு நிலம். இலத்தீன் மொழியில் ‘கோலெரே’ என்பது உழுதலையும், ‘கோலோனஸ்’ என்பது உழவரையும், ‘கோலோனியா’ என்பது அவர் குடியமர்ந்த ஊரையும் குறித்தன. உரோமர் தாம் வென்ற பகுதிகளில், படைப்பணி முடித்த வீரர்களுக்கும் நிலமற்ற குடிமக்களுக்கும் காணி பிரித்துக் கொடுத்து இத்தகைய ஊர்களை நிறுவினர். கால்கோள் சடங்கில் காளை ஒன்றையும் பசு ஒன்றையும் ஏரில் பூட்டி எல்லை நெடுகச் சால் ஓட்டுவர். வாயில் அமையவேண்டிய இடம் வந்ததும் ஏரைத் தூக்கிப் பிடித்து, மண்ணைக் கீறாமல் கடந்து செல்வர். இக்காட்சி உரோமக் காசுகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 50இல் ‘கோலோனியா’ என்னும் தகுதி பெற்ற செருமானிய நகரம் ஒன்று, கொலோன் என்று இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் அந்தக் காணி பெரும்பாலும் தோற்றவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது.

கடல்வழி வணிகம் இச்சொல்லின் பொருளை விரித்தது. 1600இல் ஆங்கிலேயரும் 1602இல் டச்சுக்காரரும் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிகள் உழவரை அனுப்பவில்லை. கணக்கரையும் வணிகரையும் படைவீரரையும் அனுப்பின. பண்டகசாலையைக் காக்கக் கோட்டையும், கோட்டையைப் பேண வரியும், வரி தண்ட ஆட்சியும் என ஆதிக்கம் வளர்ந்தது. 1639இல் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேயர் பெற்ற சிறு நிலப்பகுதி இவ்வழியில் மாகாணமாகப் பெருகியது.

‘குடியேற்ற நாடு’ என்பது மூலப்பொருளுக்கு நெருக்கமான தமிழாக்கம். இலங்கைத் தமிழில் ‘குடியேற்றவாதம்’ என்பதும் வழங்குகிறது. ஐரோப்பியர் பெருந்திரளாகக் குடியேறிய ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் ‘குடியேற்ற நாடு’ என்பது பொருந்தும். இந்தியாவுக்கு அது பொருந்தாது என்பதே என் துணிபு. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் வரும்வரை, ஆங்கிலேயர் இந்தியாவில் தங்கள் விருப்பப்படி குடியேறவும் நிலம் வாங்கவும் கம்பெனியாட்சியே தடை விதித்திருந்தது. அதன்பின்னரும் வந்து நிலைத்தோர் மிகச் சிலரே. ஆகவே இந்திய வரலாற்றை எழுதும்போது, ‘ஆதிக்க நாடு’, ‘அயலாதிக்கம்’ என்பனவே உண்மை நிலையைச் சொல்லும்.

மனைப்பிரிவைக் குறிக்கும் ‘காலனி’க்குக் ‘குடியிருப்பு’ என்பது போதும். ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் பகுதியை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகக் ‘காலனி’ மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது.