குழாயில் குளோரின் வாடை: மருந்து அதிகமா, குறைவா?

"எங்கள் தெருக்குழாயில் மூன்று நாளாகப் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருக்கிறது. டேங்க் ஆபரேட்டர் மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டார் என்கிறார்கள். இதைக் குடிக்கலாமா?" மழைக்காலம் தொடங்கியதும் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது.

அள்ளிக் கொட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் பல ஊர்களில் நிலைமை இதற்கு நேரெதிர். போட வேண்டிய அளவைவிடக் குறைவாகப் போட்டதால்தான் அந்த வாடை கிளம்பியிருக்கும். அதை நம்பி மருந்தை இன்னும் குறைத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். இது ஏன் என்று புரிய வேண்டுமானால் குளோரினுக்கும் அம்மோனியாவுக்கும் இடையே நடக்கும் வேதியியலைப் பார்க்க வேண்டும்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்தாலும் சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்தினாலும் தண்ணீரில் உருவாவது ஹைப்போகுளோரஸ் அமிலம்தான். அதன் மூலக்கூறுக்கு மின்னூட்டம் கிடையாது. எனவே எதிர் மின்னூட்டம் கொண்ட பாக்டீரியாவின் மேலுறையைத் தடையின்றி ஊடுருவி உள்ளே போய் நொதிகளைச் சிதைக்கிறது. தண்ணீரின் பி.எச். 7.5 அளவில் இருந்தால் பாதி இந்த அமிலமாகவும் மீதி ஹைப்போகுளோரைட் அயனியாகவும் இருக்கும். 8.5-க்கு ஏறினால் அமிலத்தின் பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கும். அயனிக்கு வீரியம் மிகக் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் தனிக் குளோரின் என்கிறோம். குழாயின் கடைசி முனையிலும் அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும், வைரஸ் பரவும் அபாயம் இருந்தால் 0.5 மி.கி. வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500. உலக சுகாதார நிறுவனம் வகுத்த மேல் எல்லை 5 மி.கி. ஆக, வாடை வந்தாலே விஷம் என்று பயப்படத் தேவையில்லை.

இப்போது அம்மோனியா. ஆற்றில் கலக்கும் கழிவுநீர், உரம் போட்ட வயலிலிருந்து வடியும் நீர், மாட்டுக் கொட்டகைக் கழிவு என எல்லாவற்றிலும் அது உண்டு. குளோரின் தண்ணீரில் விழுந்ததும் கிருமியைத் தேடிப் போவதில்லை. எதிரில் அகப்படுவதோடெல்லாம் வினைபுரியும். அம்மோனியா இருந்தால் அதோடு சில நொடிகளில் கூடி மோனோகுளோரமின் ஆகிவிடும்.

தண்ணீரில் நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 0.5 மி.கி. அம்மோனியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் எல்லையே அதுதான். குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே ஒவ்வொரு முறையும் எஞ்சியதை அளப்போம். 1 மி.கி. போட்டால் ஏறக்குறைய 1 எஞ்சும், 2 போட்டால் 2. எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தோன்றும். ஆனால் அத்தனையும் மோனோகுளோரமின். தனிக் குளோரின் ஒரு துளிகூட இல்லை. ஈ. கோலை பாக்டீரியாவைக் கொல்ல மோனோகுளோரமின் எடுத்துக்கொள்ளும் நேரம், தனிக் குளோரினைப்போலப் பல நூறு மடங்கு.

அம்மோனியாவின் எடையைப்போல 5 மடங்கு, அதாவது 2.5 மி.கி. குளோரின் சேர்ந்ததும் திருப்பம் வருகிறது. அதற்கு மேல் மருந்தைக் கூட்டக் கூட்ட, எஞ்சும் குளோரின் குறைகிறது! 3 மி.கி. போட்டால் 2-க்கும் கீழே இறங்கும். 3.5 போட்டால் இன்னும் கீழே. கூடுதலாக வந்த குளோரின் மோனோகுளோரமினைத் தாக்கி டைகுளோரமினாக்குகிறது. அதுவும் நிலைக்காமல் உடைகிறது. அம்மோனியாவில் இருந்த நைட்ரஜன், காற்றில் இருக்கும் அதே நைட்ரஜன் வாயுவாகிக் குமிழாகக்கூடத் தெரியாமல் வெளியேறிவிடும். உள்ளே போன குளோரின் உப்பில் இருக்கும் சாதாரணக் குளோரைடாகி அடங்கிவிடும். இரண்டு மூலக்கூறு அம்மோனியாவை இப்படி முழுதாக அழிக்க மூன்று மூலக்கூறு குளோரின் தேவை. எடையில் கணக்குப் போட்டால் 1-க்கு 7.6. நம் தண்ணீருக்கு அது 3.8 மி.கி. அங்கே எஞ்சிய அளவு அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்புகிறது. இந்த இடத்துக்குத்தான் முறிபுள்ளி என்று பெயர். நீரேற்று நிலையங்களில் பிரேக் பாயின்ட் என்றே சொல்வார்கள். இதைத் தாண்டிப் போடும் ஒவ்வொரு மில்லிகிராமும் தனிக் குளோரினாகவே நிற்கும். நிஜத் தண்ணீரில் இரும்பும் கரிமப் பொருளும் தம் பங்குக்குக் குளோரினைத் தின்பதால் நடைமுறையில் 8 முதல் 10 மடங்கு வரை தேவைப்படும்.

பள்ளத்தை நோக்கி இறங்கும் அந்தச் சரிவுதான் வாடை பிறக்கும் இடம். டைகுளோரமினும், அதோடு சிறிதளவு உண்டாகும் நைட்ரஜன் டிரைகுளோரைடும் மூக்கை அரிக்கும். நீச்சல் குளத்தில் கண் எரிவதும் இதே கூட்டாளிகளால்தான். புகார் வந்ததும் ஆபரேட்டர் மருந்தைப் பாதியாகக் குறைப்பார். தண்ணீர் மோனோகுளோரமின் பகுதிக்குத் திரும்பும், வாடை தணியும், தெரு நிம்மதியடையும். பாதுகாப்பு மட்டும் அங்கே இருக்காது. வழி எதிர்த்திசையில் இருக்கிறது: மருந்தைக் கூட்டி முறிபுள்ளியைத் தாண்டவேண்டும், வினை முடிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் கொடுக்கவேண்டும்.

தில்லியில் குளிர்காலம்தோறும் நடக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பின்னாலும் இதே கணக்குதான். யமுனையில் அம்மோனியா லிட்டருக்கு 1 மி.கி. அளவைத் தாண்டினால் வசீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களில் உற்பத்தியைக் குறைக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடும், ஆனால் எடுக்க முடியாது. அம்மோனியா 3 மி.கி. ஆனால் அதை அழிக்க மட்டும் 23 மி.கி. குளோரின் வேண்டும். அவ்வளவு போட்டால் ஆற்றிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். அவற்றுக்கும் தர நிர்ணயத்தில் எல்லை இருக்கிறது. அந்தச் சிக்கலைத் தீர்க்கவேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையம் அல்ல, கழிவு ஆற்றில் விழும் வாய்க்கால்.

மோனோகுளோரமின் முற்றிலும் வீண் என்று நினைக்க வேண்டாம். நீண்ட குழாய்களில் தனிக் குளோரின் வழியிலேயே தீர்ந்துபோகும் என்பதால், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல நகரங்களில் கிருமியை முன்னதாகவே கொன்றுவிட்டு, பிறகு வேண்டுமென்றே அம்மோனியா சேர்த்து அனுப்புகிறார்கள். அது திட்டமிட்டு, அளந்து செய்வது. நம் தொட்டிகளில் அது தற்செயலாக நடக்கிறது, யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

தெரியாமல் போவதற்கு ஒரு காரணம், அளக்கும் கருவி. பல ஊராட்சிகளில் இன்னும் குளோரோஸ்கோப் பெட்டியில் ஆர்த்தோடாலிடின் திரவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். தனிக் குளோரின் சில நொடிகளிலேயே நிறம் காட்டும். குளோரமின்கள் சில நிமிடம் கழித்து, மெதுவாக நிறம் காட்டும். ஐந்து நிமிடம் வைத்திருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே மஞ்சளாகத் தெரியும். பதிவேட்டில் "0.5" என்று ஏறும். அந்த 0.5 முழுக்கக் குளோரமினாக இருக்கலாம். ஆர்த்தோடாலிடின் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகம் வேறு உண்டு. அதைக் கைவிடுவதில் இனியும் தாமதம் கூடாது.

மாற்று, குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் டி.பி.டி. என்ற வேதிப்பொருளின் மாத்திரை. பிரிட்டிஷ் வேதியியலாளர் பேலின் 1957-இல் முறைப்படுத்திய சோதனை இது. குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சோதனைக் குழலை அதே நீரால் மூன்று முறை அலசி, 10 மி.லி. பிடிக்கவும். டி.பி.டி. 1 மாத்திரையைக் கையால் தொடாமல் போட்டு நசுக்கிக் கரைக்கவும். உடனே வரும் இளஞ்சிவப்பை ஒரு நிமிடத்துக்குள் நிற அட்டையோடு ஒப்பிடவும். இது தனிக் குளோரின். பிறகு அதே குழலில் டி.பி.டி. 3 மாத்திரையைப் போட்டு இரண்டு நிமிடம் பொறுக்கவும். அதிலுள்ள பொட்டாசியம் அயோடைடு, குளோரமின்களையும் நிறம் காட்ட வைக்கும். இது மொத்தக் குளோரின். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது பிணைந்த குளோரின், அதாவது குளோரமின்கள்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. டி.பி.டி. 3 போட்ட குழலைச் சரியாகக் கழுவாமல் அடுத்த சோதனைக்கு எடுத்தால், ஒட்டியிருக்கும் துளி அயோடைடே தனிக் குளோரின் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் குழல் வைத்துக்கொள்வது நல்லது. குளோரின் மிக அதிகமாக, லிட்டருக்கு 10 மி.கி. அளவில் இருந்தால் இளஞ்சிவப்பு ஒரு கணம் மின்னிவிட்டு வெளுத்துவிடும். பார்ப்பவர் "குளோரினே இல்லை" என்று எழுதி இன்னும் மருந்து போடச் சொல்வார். சந்தேகம் வந்தால் குளோரின் இல்லாத சுத்தமான நீரைப் பத்து மடங்கு கலந்து மறுபடி சோதிக்கவும். பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் குளோரின் வழியிலேயே தேய்ந்துவிடும். குழாயடியிலேயே பார்ப்பதுதான் முறை.

இந்த இரண்டு மாத்திரைகளின் உண்மையான அருமை வேறொன்றில் இருக்கிறது. கடைக்கோடித் தெருவில் நேற்று வரை தனிக் குளோரின் 0.5 இருந்தது. இன்று டி.பி.டி. 1 போட்டால் நிறமே இல்லை, டி.பி.டி. 3 போட்டதும் சிவக்கிறது. தொட்டியடியில் பார்த்தால் வழக்கமான 0.8. இதற்கு என்ன பொருள்? தொட்டிக்கும் தெருவுக்கும் நடுவே எங்கோ அம்மோனியா உள்ளே வந்திருக்கிறது. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்க்குள் அம்மோனியா வர முக்கியமான வழி சாக்கடைதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் ஊர்களில், வால்வை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, உடைப்பு வழியே வெளியிலுள்ளதை உறிஞ்சும். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுத்தாலும் இதே கதைதான். லிட்டருக்கு 30 மி.கி. அம்மோனியா உள்ள சாக்கடை நீர் ஒரு லிட்டர் புகுந்தால், 0.5 மி.கி. வீதம் 300 லிட்டரில் இருக்கும் தனிக் குளோரினை அது தன்னோடு பிணைத்துக்கொள்ளும். பாக்டீரியாச் சோதனைக்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். இது மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. இவ்வளவு மலிவான எச்சரிக்கை மணி வேறொன்று குடிநீர்த் துறையில் இல்லை என்பது என் துணிபு.

மருந்தின் அளவுக்கு வருவோம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மி.கி. வேண்டுமென்றால் மொத்தம் 60 கிராம் குளோரின். புதிய பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் 180 கிராம் போதும். ஆனால் பிரித்து வைத்த காபிப்பொடியின் மணம் போல அந்தக் குளோரின் ஈரத்திலும் வெயிலிலும் பறந்துவிடும். மூட்டையின் வாயைக் கட்டாமல் மோட்டார் அறையில் போட்டுவைத்து 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், அதே 180 கிராம் தருவது லிட்டருக்கு 0.9 மி.கி. மட்டுமே. தண்ணீரில் 0.2 மி.கி. அம்மோனியா இருந்தாலே போதும், அந்த 0.9 முழுவதும் குளோரமினாகிவிடும். ஆபரேட்டர் சொன்ன அளவைச் சொன்ன நேரத்தில் போட்டிருப்பார். குற்றம் மூட்டையில்.

பவுடரை நேராகத் தொட்டிக்குள் தூவக் கூடாது. வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, பிறகு நீர் நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றவேண்டும். தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால்தான் நன்றாகக் கலக்கும். நிரம்பிய பின் ஊற்றினால் ஒரு பக்கம் காரமாகவும் மறுபக்கம் வெறும் நீராகவும் நிற்கும். தொட்டிக்குப் பக்கத்து வீடுகளில் மட்டும் வாடை அடித்தால் இதையும் சந்தேகிக்கலாம்.

வீட்டுக்கு வந்து தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, குழாய் நீர் பழுப்பாக மாறுவதையும் ஆர்.ஓ. நீர் தெளிவாக இருப்பதையும் காட்டி மிரட்டும் விற்பனையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பாக வருவது தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, அந்த இரும்புக் கம்பியே கரைந்து வரும் துரு. உப்பில்லாத ஆர்.ஓ. நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாததால் கம்பி கரைவதில்லை. ஒரு சிட்டிகை உப்பை அதில் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுக்கும். இந்த ஏமாற்று அறிவியலின் வேடத்தில் வீடு வீடாகப் போகிறது. உண்மையான சோதனைக்கோ ஆள் இல்லை. மலம் கலந்த நீரைக் கருநிறமாகக் காட்டும் எச்2எஸ் குப்பியை 1982-இல் உலகுக்குத் தந்தவர்கள் குவாலியரின் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தினர். அப்படிப்பட்ட எளிய கருவிகளுக்கான ஆராய்ச்சிக்கும், டி.பி.டி. மாத்திரை தடையில்லாமல் கிடைப்பதற்கும், டேங்க் ஆபரேட்டருக்குக் கௌரவமான சம்பளத்துக்கும் பணம் ஒதுக்கவேண்டும். திறப்பு விழாவுக்கு ஏற்ற தொட்டிகளுக்கு மட்டும் ஒதுக்கினால் போதாது.

கேள்விக்குத் திரும்பினால்: ஊராட்சியிலோ நகராட்சியிலோ இரண்டு மாத்திரைகளாலும் உங்கள் குழாயடியில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் மாத்திரையிலேயே 0.2-க்கு மேல், 5-க்குள் நிறம் வந்தால் தாராளமாகக் குடிக்கலாம். வாடை பிடிக்கவில்லையென்றால் வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றிச் சில மணி நேரம் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். முதல் மாத்திரையில் நிறமில்லாமல் இரண்டாவதில் மட்டும் வந்தால், காரணம் தெரியும்வரை தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொதித்த நீரிலும், கார்பன் வடிகட்டி தாண்டிய ஆர்.ஓ. நீரிலும் காவலுக்குக் குளோரின் மிச்சமிருக்காது. அதில் கை பட்டாலோ குவளையை முக்கினாலோ கிருமி மறுபடி வரும். குறுகிய வாயுள்ள பாத்திரத்தில் மூடி வைத்து, சாய்த்து ஊற்றி, அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.