பெரிய டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

பிரேக் பேட் மாற்ற வந்து கராஜில் காத்து நிற்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “பாஸ், பெரிய காரில இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி இதுக்குப் போடேலாதா?” ஆல்டோ, வேகன்ஆர், விவா போன்ற சின்னக் கார் வைத்திருப்பவருக்கு இந்த ஆசை வருவது நியாயம்தான். கல்முனை வீதியில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால், இன்னும் இரண்டு மீட்டர் முன்னால் நின்றிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த இரண்டு மீட்டரை டிஸ்க் தருமா என்பது வேறு விடயம். அதற்கு முதலில் பிரேக் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஓடுகிற காரிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுத்தான் டிஸ்க்; அதன் இரு பக்கமும் பேட்களை அழுத்தி, பிரேக் அந்த ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு சேர்த்து 900 கிலோ இருக்கும் ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், அதன் ஆற்றல் சுமார் 125 கிலோஜூல். ஏறக்குறைய 400 மில்லிலீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதே கார் 100 கிலோமீட்டரில் போனால் ஆற்றல் 347 கிலோஜூல் ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆற்றலோ மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதுதான் காரணம்.

காலின் பலம் சக்கரத்துக்குப் போகிற வழி அழகானது. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான் இதன் அடிப்படை. ஒரு கணக்குப் பார்ப்போம். நீங்கள் பெடலை 10 கிலோ பலத்தில் மிதிக்கிறீர்கள். பெடல் ஒரு நெம்புகோல், அது நாலு மடங்காக்கி 40 கிலோ ஆக்குகிறது. எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலை வைத்து வேலை செய்யும் பூஸ்டர் அதை மூன்று மடங்காக்கினால் 120 கிலோ. இது பெடல் பக்கத்தில், பிரேக் ஒயில் நிறைந்த மாஸ்டர் சிலிண்டரின் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. மறுமுனையில், சக்கரத்தருகே பேட்களைத் தாங்கும் கலிப்பரின் பிஸ்டன் 48 மில்லிமீட்டர் என்றால், அதன் பரப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆகவே பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பலம் 690 கிலோ அளவுக்கு வந்துவிடும். பத்துக் கிலோ மிதிக்கு இவ்வளவு.

அப்படியென்றால் சின்னக் காரின் பிரேக்கில் பலத்துக்குக் குறைவில்லை. காய்ந்த தார் வீதியில், நல்ல நிலையில் இருக்கும் பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் பெடல் காலுக்கடியில் துடிக்கும். அந்த இடத்திலேயே பிரேக் தன் வேலையை முடித்துவிட்டது. அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரும் தாரும் ஒன்றையொன்று பிடிக்கும் பிடி மட்டுமே. டிஸ்க்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் பிடி அதிகரிக்காது.

அந்தப் பிடியைத்தான் உராய்வுக் குணகம் என்கிறார்கள். காய்ந்த தாரில் அது 0.8 என்று வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 18 மீட்டர் போதும். மழையில் 0.5 ஆகக் குறைந்தால் 28 மீட்டர். கடற்கரையோரமாகக் காற்று அள்ளிக்கொண்டு வந்து போடும் மணல் தாரின் மேல் பரவி, பிடி 0.4 ஆனால் 35 மீட்டர். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த மணல் புதிதல்ல. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறை வயல் பக்கமும் போனால் அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயப் போட்ட நெல்லும், உழவு இயந்திரம் விட்டுப்போகும் சேறும் அதே வேலையைச் செய்யும். இந்த மீட்டர்களெல்லாம் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். கண் பார்த்து, கால் பெடலுக்குப் போக ஒரு செக்கன் எடுத்தால் அதற்குள்ளேயே கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும்.

ஆகவே என்னைக் கேட்டால், பிரேக்குக்கென்று எடுத்து வைத்த காசில் முதல் பங்கு டயருக்குத்தான் போக வேண்டும். டயரின் பக்கச் சுவரில் ஒரு நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளங்கள் நன்றாகத் தெரிந்தாலும், வெயிலில் கிடந்து இறுகிப்போன பழைய ரப்பர் ஈர வீதியைச் சரியாகப் பிடிக்காது.

பின்சக்கரத்து ட்ரம்மை, அதாவது உள்ளிருந்து லைனர்கள் விரிந்து அழுத்தும் கிண்ணம் போன்ற பிரேக்கை, எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது கார் முன்னுக்குக் குனிவதைக் கவனித்திருப்பீர்கள். அது வெறும் குனிவு அல்ல, பாரமே இடம் மாறுகிறது. சும்மா நிற்கும்போது முன்சக்கரங்களில் 540 கிலோவும் பின்னால் 360 கிலோவும் இருக்கும் கார், கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் முன்னுக்கு 690 கிலோ, பின்னுக்கு 210 கிலோ என்று ஆகிவிடும். பாரம் குறைந்த பின்சக்கரம் செய்யக்கூடிய வேலையும் குறைவு, அதற்கு ட்ரம் தாராளம். அதில் இன்னொரு வசதியும் உண்டு: சுழலும் ட்ரம் முன்பக்கத்து லைனரைத் தன்னோடு இழுத்து, தானாகவே இறுக்கிக்கொள்ளும். கைப்பிரேக்குக்கும் அது இலகு. முன்னும் பின்னும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற பங்கீட்டை உற்பத்தியாளர் அளந்து வைத்திருக்கிறார். பின்பக்கத்தை மட்டும் பலமாக்கினால் பின்சக்கரம் முதலில் பூட்டும், கார் பம்பரம் போலத் திரும்பிவிடும். இந்த வேலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, பெரிய டிஸ்க் எதற்குத்தான் உதவும்? வெப்பத்துக்கு. 60 கிலோமீட்டரிலிருந்து ஒரு தடவை நின்றால், நாலு கிலோ இரும்பு டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ்தான் கூடுதலாகச் சூடாகும். மட்டக்களப்பு போன்ற சமதரையில் அது அடுத்த சந்திக்குள் ஆறிவிடும். நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் நாளில்தான் கதை மாறுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். பதுளை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியில் அந்த உயரம் முழுவதையும் விட வேண்டும். ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 60 கிலோமீட்டரிலிருந்து 70 தடவை நிற்பதற்குச் சமம். காரில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் இந்த எழுபது மாறாது, ஏனென்றால் இரண்டு கணக்கிலும் பாரம் ஒரே மாதிரி வருகிறது. எஞ்சினைத் தாழ்ந்த கியரில் வைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி உருட்டி விட்டாலோ, அந்த உதவியும் போகும், பூஸ்டருக்கு வெற்றிடமும் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் இறுக்கமாகவே இருந்து கார் மட்டும் நிற்க மறுத்தால், பேட்டின் உராய்வு குறைந்துவிட்டது. பெடல் பஞ்சு போல அடிவரை போனால் பிரேக் ஒயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். உங்கள் மிதி முழுவதும் அந்த ஆவிக்குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஒயிலின் தர வகையை டொட் (DOT) எண்ணால் சொல்வார்கள். புது டொட் 3 ஒயில் 205 பாகைக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4க்கு இது 230, 155. வாவிக்கும் கடலுக்கும் நடுவில், வருடம் முழுக்க ஈரக்காற்றில் நிற்கும் காருக்கு இந்த வேறுபாடு பெரியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுவதுமாக மாற்றுவதும், உற்பத்தியாளர் அனுமதித்தால் டொட் 4க்குப் போவதும் குறைந்த செலவில் கிடைக்கும் உண்மையான மேம்பாடு. டொட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றதோடு சேராது. பெயர் கிட்ட இருப்பதால் 5.1 உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேட் வாங்கும்போது அதன் ஓரத்தில் அல்லது முதுகில் அச்சிட்ட இரட்டை ஆங்கில எழுத்தைப் பாருங்கள். இ (E) என்றால் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45. முதல் எழுத்து சாதாரண வெப்பத்துக்கு, இரண்டாவது சூடேறிய நிலைக்கு. இரண்டுமே எஃப் ஆன பேட் அன்றாடக் காருக்கு நல்ல தெரிவு. பந்தயப் பேட் சூடானால்தான் பிடிக்கும், காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு விடப் போகும் முதல் பிரேக்குக்கு அது ஆபத்து.

இங்கே பிரேக்கின் பெரிய எதிரி உப்புக்காற்று. கலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகினால் உட்பக்கத்துப் பேட் மட்டும் தேயும், பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். அவற்றைக் கழற்றித் துடைத்து, அதற்கான சிலிக்கோன் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடி வந்தால் ட்ரம்முக்குள் தண்ணீர் நிற்கும். மெதுவாக ஓட்டியபடி பெடலை இலேசாக மிதித்துக் காய வைத்த பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அடிக்கடி நிறை பாரத்தோடு மலையேறி இறங்குகிறவர் என்றால், பெரிய டிஸ்க்கை யோசிக்கலாம். அதே மாதிரியின் கூடிய எஞ்சின் வகைக்கு வரும், நடுவில் காற்றோடும் டிஸ்க் பொருந்துமானால் அதுவே பாதுகாப்பான தெரிவு. 12 அங்குல ரிம்முக்குள் அது அடங்குமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். கலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதை நகர்த்த ஒயிலும் கூடுதலாகத் தேவை, பெடல் முன்பைவிட ஆழமாகப் போகும். புதுப் பேட்டும் டிஸ்க்கும் போட்ட அன்றே மலைக்குக் கிளம்ப வேண்டாம். ஆளில்லாத நேரான வீதியில் 50 கிலோமீட்டரிலிருந்து 10க்கு நிதானமாக இறக்கி, இடையில் ஆறவிட்டு, சில தடவை செய்யுங்கள். பேட்டின் மெல்லிய படிவு டிஸ்க் முழுவதும் சீராகப் படிந்த பிறகுதான் அது முழுப் பிடியைத் தரும்.