பாபினை யாரும் பிடித்திருக்கவில்லை

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய சாமான்களோடு சிங்கர் 96கே தையல் மெஷின் ஒன்றை எடைக்கு வாங்கினாராம். துருவேறிக் கைச்சக்கரமே அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு பேராகச் சேர்ந்து பலம் கொடுத்துத் திருகியதில் சுற்றிவிட்டது. இப்போது ஓடுகிறது, ஆனால் நாலு தையல் விழுந்தால் அடுத்தது விழுவதில்லை. "கண் பட்டிருக்கிறது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்கள் என்கிறார் பக்கத்து டெய்லர். உங்கள் அறிவியல் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

கண் படவில்லை சார். பெரும்பாலும் டைமிங் போயிருக்கிறது, அதாவது மேலே ஊசியும் கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தவறுகிறது. எலுமிச்சம்பழத்தைச் சாறு பிழிந்து குடிக்கலாம். மெஷின் பக்கம் கொண்டுபோக வேண்டாம், அமிலம் இரும்புக்கு ஆகாது.

முதலில் உங்கள் மெஷினைப் பற்றி. 96கே-வின் 'கே', ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் கில்போவி என்ற இடத்தில் இருந்த சிங்கர் ஆலையைக் குறிக்கிறது. 1885-ல் ஓடத் தொடங்கிய அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, அதன் பெயரில் அமைந்த ரயில் நிலையம் மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போதைய ஆலை மெஷின்கள் பலவற்றில் அடியில் எண்ணெய்த் தொட்டியும் பம்பும் இருக்கும். உங்களுடையதற்கு ஒவ்வொரு துளையிலும் நீங்களேதான் எண்ணெய் விட வேண்டும்.

சுத்தம் செய்வதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள், பிரஷ்ஷால் பஞ்சை எடுங்கள், பழைய பிசுக்கு கரைந்து வரும்வரை சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். தங்க எழுத்து மிச்சமிருந்தால் அதன்மேல் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். பழைய எழுத்துகளின் மேல் பூசிய அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நல்லெண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவற்றின் இரட்டைப் பிணைப்புகளில் காற்றின் ஆக்சிஜன் புகுந்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோர்த்துவிடுகிறது. சில மாதங்களில் எண்ணெய் பிசினாகிறது. உங்கள் மெஷின் இறுகிப் போனதில் துருவுக்கு எவ்வளவு பங்கோ, இந்தப் பிசினுக்கும் அவ்வளவு பங்கு இருக்கக்கூடும். தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் இப்படிப் பிசினாகாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் மெஷின் முரண்டு பிடிக்கும். கடையில் 'மெஷின் ஆயில்' என்று கேட்டால் தரும் தண்ணீர் போன்ற கனிம எண்ணெய் போதும். என்ஜின் ஆயில் தடிமன், அது இங்கே வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொட்டு மெஷினின் உடம்பில் இருக்கட்டும், எண்ணெய்த் துளையில் வேண்டாம்.

சரி, தையல் ஏன் விடுகிறது? அதற்குத் தையல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கையால் தைக்கும்போது ஊசி துணியை முழுதாகக் கடந்து அந்தப் பக்கம் போய்த் திரும்புகிறது, நூலின் நுனியும் கூடவே போய் வருகிறது. மெஷினில் ஊசி கடப்பதே இல்லை. காது முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குத்திவிட்டு அதே துளை வழியாகத் திரும்பிவிடுகிறது. மேல்நூலின் மறுமுனை எங்கோ கோனில் சுற்றியிருக்கிறது, கீழ்நூலின் மறுமுனை அடியில் இருக்கும் சின்ன நூல் உருளையான பாபினில். இழுத்துக் கோர்க்க நுனி கிடையாது. அப்படியிருக்க இரண்டும் எப்படிப் பின்னிக்கொள்ளும்? ஒரே வழிதான் உண்டு. மேல்நூலின் வளையத்துக்குள் பாபின் முழுவதுமாக நுழைந்து மறுபக்கம் வெளிவர வேண்டும், ஒவ்வொரு தையலுக்கும்.

முதலில் வளையம் உருவாக வேண்டும். ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நூல் கோர்க்கும் பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். மறுபக்கம் காதுக்குச் சற்று மேலே சின்ன குடைவு இருக்கும். ஊசி அடிவரை போய், பிறகு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. பள்ளத்துக்குள் பதுங்கிய நூல் துணியில் உரசாமல் ஊசியோடு வருகிறது. குடைவுப் பக்க நூலுக்குப் பதுங்க இடமில்லை, அதைத் துணி உரசிப் பிடித்துக்கொள்கிறது. மேலே ஏற முடியாத நூல் பக்கவாட்டில் புடைக்கிறது. அதுதான் வளையம். அது இருக்கும் கண நேரத்தில், அடியில் சுழலும் கொக்கியான ஹூக்கின் கூர்முனை ஊசிக்கும் நூலுக்கும் நடுவே நுழைய வேண்டும். முனைக்கும் ஊசிக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும்.

நுழைந்த முனை வளையத்தைப் பற்றி, விரித்து, பாபின் உட்கார்ந்திருக்கும் கூடையைச் சுற்றிக் கீழே இழுத்துப் போகிறது. வளையத்தின் ஒரு பக்கம் கூடையின் முன்னால், மறுபக்கம் பின்னால். பாதிச் சுற்று தாண்டியதும் நூல் ஹூக்கிலிருந்து நழுவுகிறது. அதே நேரத்தில் மேலே நூல் இழுக்கும் கரம் எழுந்து மிச்ச நூலைச் சுருட்டி எடுக்கிறது. ஆளை அசைக்காமல் மாலையைத் தலைவழியே போட்டுக் கால்வழியே உருவுவது போலத்தான். ஆனால் அந்த ஆளின் கால் தரையில் இருக்கக் கூடாது. பாபின் கூடையை மெஷினோடு ஓர் ஆணி இணைத்திருந்தாலும் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே அதை எதுவும் பிடித்திருக்கவில்லை. சுழலும் ஹூக்கின் உட்புறக் காடியில், ஓர் எண்ணெய்ப் படலத்தின் மேல், கூடை சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஹூக் தன்னோடு அதையும் சுழற்றிவிடாமல் ஒரு சின்ன உலோக விரல் அதன் வெட்டில் நுழைந்து தடுக்கிறது. தடுக்கிறது, பற்றவில்லை. விரலுக்கும் வெட்டுக்கும் நடுவே நூலின் தடிமனைவிடச் சற்று அதிகமான சந்து உண்டு. வளையம் அந்தச் சந்து வழியாகத்தான் தப்புகிறது. தோல், கான்வாஸ் தைக்கும் கனமான மெஷின்கள் சிலவற்றில், நூல் வரும் சமயம் பார்த்துக் கூடையை ஒரு தட்டுத் தட்டிச் சந்தைத் திறந்துவிடத் தனியாக ஒரு கரமே இருக்கிறது.

ஒரு தையலுக்கு ஹூக் இரண்டு முறை சுற்றுகிறது. ஒரு சுற்று வேலைக்கு, மறுசுற்று ஊசி திரும்பி வரும்வரை சும்மா. நிமிடத்துக்கு 4,000 தையல் போடும் மெஷினில் ஹூக்குக்கு 8,000 சுற்று, பாபின் வினாடிக்கு 66 முறைக்கு மேல் வளையம் புகுந்து வெளியேறுகிறது. அமெரிக்கரான ஆலன் வில்சன் இந்தச் சுழல் ஹூக்குக்குக் காப்புரிமை பெற்றது 1851 ஆகஸ்ட் 12-ல். ஐசக் சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியதும் அதே நாளில்! முன்பு செய்த, கீழ்நூலைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் ஷட்டிலுக்கு வந்த காப்புரிமைச் சண்டையிலிருந்து விலகத்தான் வில்சன் ஷட்டிலே இல்லாத வழியைத் தேடினார். பெயர் மட்டும் சிங்கருக்கே போய்விட்டது. 'சிங்கர் டெய்லர் தேவை' என்று திருப்பூரில் ஒட்டுகிறார்கள், வில்சன் டெய்லரை யாரும் தேடுவதில்லை.

இனி உங்கள் மெஷின். ஹூக்கைக் கீழ்த்தண்டில் சில சிறு திருகுகள்தான் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. காடிக்குள் பழைய நூல் சிக்கிக் காய்ந்திருக்கும்போது நீங்கள் பலம் கொடுத்துத் திருகினீர்கள். தண்டு சுற்றியது, ஹூக் கொஞ்சம் பின்தங்கிவிட்டது. இப்போது அதன் முனை வரும்போது வளையம் சுருங்கத் தொடங்கியிருக்கும். சில தையலில் மாட்டும், சிலவற்றில் மாட்டாது.

ஹூக்கைத் தொடும் முன் புது ஊசி போட்டுப் பாருங்கள். இந்த மெஷினின் ஊசிக் காம்பு உருண்டை. வீட்டு மெஷின் ஊசி போலத் தட்டையான பக்கம் இல்லாததால் எப்படித் திருப்பினாலும் மாட்டிக்கொள்ளும். குடைவு ஹூக்கைப் பார்த்து நேராக இல்லையென்றால் வளையமும் கோணலாகத்தான் வரும். அதுவும் சரியாக இருந்தால் ஊசித் தகட்டைக் கழற்றுங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி, ஊசி அடிவரை போய் 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறியதும் நிறுத்துங்கள். பல மெஷின்களில் இந்த அளவுக்காகவே ஊசித்தண்டில் கோடு போட்டிருப்பார்கள். ஹூக்கின் திருகுகளைத் தளர்த்தி, முனையை ஊசியின் நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். அப்போது முனை காதுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். முனையில் நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மிக நைசான எமரித் தாளால் தேய்க்கலாம். மழுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இதற்கு ஒரு மணி நேரம் போதும். தையல் மெஷின் இலவசமாகக் கொடுக்கும் அரசு, கூடவே இந்த ஒரு மணி நேரத்தையும் கற்றுக்கொடுத்தால் மூலையில் கிடக்கும் மெஷின்கள் குறையும் என்பது என் அபிப்பிராயம். புதிதாகக் கண்டுபிடிக்கப் பணம் ஒதுக்குகிறோம், இருப்பதைப் பழுதுபார்க்கும் அறிவுக்கு ஒதுக்க மனசு வருவதில்லை.

மேஜைக்கு அடியில் பழைய கிளட்ச் மோட்டார் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டே மின்சாரம் இழுக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். டைமிங் சரிசெய்த பிறகு மேலே சிவப்பு, கீழே வெள்ளை நூல் போட்டு, குறைந்த வேகத்தில் ஒரு முழம் தைத்துப் பாருங்கள்.