விஆர் கேம் வாங்குறதுக்கு முன்னாடி காதைக் கேளுங்க

"பீட் சேபர் ஒரு மணி நேரம் ஆடினாலும் ஒண்ணும் ஆகல, ரெசிடென்ட் ஈவில் 4 போட்டா பத்தே நிமிஷத்துல குமட்டுது, ஹெட்செட்ல கோளாறா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரெண்டும் விஆர் கேம், அதாவது கண்ணை மூடுற மாதிரி ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, அதுக்குள்ள தெரியுற உலகத்துலயே ஆடுறது. ஹெட்செட்ல ஒண்ணும் இல்லைங்க, தகராறு உங்க கண்ணுக்கும் காதுக்கும்தான்.

லென்ஸ், ரெண்டு கண்ணுக்கு ரெண்டு படம், அதெல்லாம் தெரிஞ்ச கதை, விட்டுடுவோம். நான் சொல்ல வந்தது உள்காதுல இருக்க மூணு அரைவட்டக் குழல் பத்தி. உள்ள ஒரு திரவம் இருக்கு. தலையை சட்டுனு திருப்பினா குழல் எலும்போட சேர்ந்து திரும்பிடும், திரவம் மட்டும் சோம்பேறியா பின்தங்கும், பஸ் கிளம்புறப்ப நாம பின்னாடி சாயுறோம்ல, அதே நிலைமம்தான். பின்தங்குற திரவம் ஜெல்லி மாதிரி ஒரு தடுப்பைத் தள்ளும், அதுல புதைஞ்சிருக்க மயிரிழைகள் வளையும், உடனே மூளைக்கு சிக்னல் போயிடும்.

இப்பவே ஒண்ணு பண்ணிப் பாருங்க. இந்த வரியைப் படிச்சுக்கிட்டே தலையை இடம் வலமா வேகமா ஆட்டுங்க, படிக்க முடியுதுல்ல? இப்ப தலையை அசைக்காம போனை அதே வேகத்துல ஆட்டுங்க, எழுத்தெல்லாம் கலங்கிடும். ஏன்னா முதல் தடவை காதுல இருந்து வந்த சிக்னல் மூணே நரம்புச் செல் தாண்டி கண் தசைக்குப் போய், சுமார் 10 மில்லிசெகண்டுல கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிடுது, ரெண்டாவது தடவை காதுக்கு வேலையே இல்ல, கண்ணு தானே துரத்திப் பிடிக்கணும், அது ரொம்ப மெதுவு. எத்தனை தடவை செஞ்சாலும் எனக்கு இது அலுக்கவே மாட்டேங்குது!

அதனாலதான் தலை திரும்பி 20 மில்லிசெகண்டுக்குள்ள படமும் மாறணும்னு ஹெட்செட் செய்யறவங்க தலைகீழா நின்னாங்க. 90 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 90 படம் காட்டுறப்ப, ஒரு படத்துக்கே 11 மில்லிசெகண்ட் போயிடும், அதனால தலை அடுத்து எங்க இருக்கும்னு முன்கூட்டியே ஊகிச்சுதான் படத்தை வரையுது.

ஆனா ஹெட்செட் எவ்ளோ நல்லா இருந்தாலும் கேம் சொதப்பலாம். பீட் சேபர்ல நீங்க நின்ன இடத்துலயே நிக்கிறீங்க, நீங்க வெட்ட வேண்டிய கட்டைதான் உங்களைத் தேடி வருது. சூப்பர்ஹாட் விஆரும் அப்படித்தான், நீங்க அசைஞ்சாதான் அங்க நேரமே ஓடும். கண்ணு பாக்குறதும் காது சொல்றதும் ஒத்துப்போகுது. ரெசிடென்ட் ஈவில்ல கையில இருக்க கன்ட்ரோலரோட ஸ்டிக்கைத் தள்ளி நடந்தா கண்ணு "போறோம்"ங்குது, காது "எங்க? உக்காந்துதானே இருக்கோம்"ங்குது. அதுலயும் ஸ்டிக்கால வழுக்கித் திரும்புறதுதான் மகா மோசம். 2020ல வந்த ஹாஃப்-லைஃப் அலிக்ஸ்ங்கிற கேம் கெட்டிக்காரத்தனமா, இடம் விட்டு இடம் தாவுற வசதியையும் குடுத்துச்சு, படம் ஓடாம ஒரே வெட்டா மாறினா நகர்ற உணர்வே வராது, காதுக்கும் புகார் இல்ல. என் ஓட்டு அதுக்குத்தான்.

ஏன் குமட்டணும்? 1977ல ட்ரீஸ்மன்ங்கிற உளவியலாளர் ஒரு யோசனை சொன்னார், கண்ணும் காதும் முரண்பட்டா உடம்பு விஷம் சாப்பிட்டுட்டோம்னு நினைச்சு வெளிய தள்ளப் பாக்குதாம். அழகான கதை, நிரூபிக்கிறதுதான் கஷ்டம். ஆனா இதுல காதுக்குப் பங்கு உண்டுங்கறது உறுதி, ரெண்டு உள்காதும் செயலிழந்தவங்களுக்கு கடல் பயணத்துல குமட்டறதே இல்லங்கறது பழைய கண்டுபிடிப்பு.

இந்தக் குழலுக்கும் தலை அசைவுக்கும் தொடர்பு இருக்குன்னு 1820கள்ல சோதனை செஞ்சு காட்டினது ஃப்ளூரன்ஸ், பிரான்ஸ்காரர். புறாவோட ஒரு குழலை வெட்டினா, அந்தக் குழல் எந்த வாக்குல இருக்கோ அதே வாக்குல அது தலையை ஆட்டுச்சு. புறா காதுல என்னய்யா ஆராய்ச்சின்னு அன்னைக்கே நிதியை நிறுத்தியிருந்தா? இன்னைக்கும் "இதனால என்ன பிரயோஜனம்"னு கேட்டுத்தான் பணம் குடுக்குறாங்க, எனக்கு எரிச்சலா வரும்.

சரி, உங்க கேள்விக்கு வரேன். செட்டிங்ஸ்ல திரும்புறதை ஸ்நாப் டர்னுக்கு (வழுக்காம ஒரே வெட்டா திரும்புறது) மாத்துங்க, நடக்குறப்ப ஓரம் இருட்டாகுற ஆப்ஷனைப் போடுங்க, நகர்ற மாயை பெரும்பாலும் ஓரப்பார்வை வழியாதான் வருது. குமட்டப் போற மாதிரி லேசா வேர்த்தாலே ஹெட்செட்டைக் கழட்டிடுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடினா பழகிடும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, அஞ்சஞ்சு நிமிஷமா விட்டு விட்டு ஆடுங்க.