இதழ் அல்ல, நாட்பதிவேடு

"அந்தக் கப்பல் மருத்துவர் மருத்துவ இதழ் ஒன்றைப் பராமரித்தார்." பிரிட்டிஷ் கடற்படை பற்றிய மொழிபெயர்ப்புகளில் இப்படி ஒரு வாக்கியத்தை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். ஆங்கில மூலத்தில் உள்ள 'ஜர்னல்' (journal) இங்கே 'இதழ்' ஆகிவிட்டது. படிப்பவர் அவரைப் பத்திரிகை ஆசிரியர் என்றே நினைப்பார்.

ஜர்னல் என்ற சொல்லின் வேர், 'நாளுக்குரியது' என்ற பொருள்தரும் லத்தீன் சொல். பத்திரிகை என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டியது. தமிழில் இதழ் என்பது பூவின் மடல், உதடு, கண்ணிமை, இன்று பத்திரிகை. அன்றாடப் பதிவு என்ற பொருள் அதற்கு ஒருபோதும் இல்லை.

அந்த மருத்துவர் எழுதியது என்ன? நோயாளியின் பெயர், வயது, கப்பலில் அவர் பார்த்த வேலை, நோய், படுத்த நாள், கொடுத்த மருந்து, கடைசியில் பணிக்குத் திரும்பினாரா இறந்தாரா என்ற விவரம். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுசென்ற கப்பல்களிலும் இதே முறைதான். மூன்று கப்பல்களில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்து சிட்னி மருத்துவர் வில்லியம் ரெட்பெர்ன் 1814இல் அறிக்கை கொடுத்த பிறகு, கைதிக் கப்பல்களில் கடற்படை மருத்துவர்களே மேற்பார்வையாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் எழுதியவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், கடற்படை நிர்வாகத்தின் ஆவணங்களுக்கான ADM 101 என்ற வரிசையில் இருக்கின்றன.

'நாட்குறிப்பு' என்று எழுதலாமே என்பார்கள். இதழைவிட மேல்தான், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. நாட்குறிப்பு என்றதும் தமிழருக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருவார். ஒருவர் தம் விருப்பப்படி, தமக்குத் தோன்றியதை எழுதுவது அது. எழுதாமல் விட்டாலும் கேட்பார் இல்லை. கப்பல் மருத்துவருக்கு அந்த உரிமை கிடையாது. வகுத்துக் கொடுத்த கட்டங்களை நிரப்பி மேலிடத்தில் ஒப்படைப்பது அவர் கடமை. கடமைக்காக நிரப்புவதைப் பதிவேடு என்றுதான் சொல்கிறோம்: வருகைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு. நாள்வாரியாக எழுதியதால் நாட்பதிவேடு. ஏட்டில் எழுதிப் பழகிய மொழிக்கு இதைவிட இயல்பான சொல் வேண்டுமா?

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் நூலில் இதே ஜர்னல் 'குறிப்பேடு' ஆகியிருக்கிறது. அங்கே யாரும் இதழ் என்று எழுதவில்லை. பொருளைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். 'பராமரித்தார்' என்பதும் அப்படி வந்ததே. வீட்டைப் பராமரிக்கலாம், தோட்டத்தைப் பராமரிக்கலாம். ஏட்டை எழுதத்தான் வேண்டும்.

"அந்தக் கப்பல் மருத்துவர் நோயாளிகளைப் பற்றி நாட்பதிவேடு எழுதிவந்தார்" என்று திருத்தி வாசித்துப் பாருங்கள்.