எஞ்சின் ரீமேப்: காசு கொடுக்குமுன் சட்டம் சொல்வதைப் பாருங்கள்

எஞ்சினைத் திறக்காமலே, அதைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வில் இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதி பவரைக் கூட்டுவதுதான் ரீமேப். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள டீசல் காரில் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் 10 சதவீதத்தைத் தொடுவதே அரிது. அந்தக் காருக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் சட்டத்துக்குப் போகுமுன்பே யோசனையைக் கைவிடலாம். மற்றவர்கள், இந்தியச் சாலையில் ஓடும் பதிவு பெற்ற காரில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பிரிவு 52

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 'ரீமேப்' என்ற சொல் எங்கும் கிடையாது. இருப்பது பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது அது. இப்போது வரும் ஆர்.சி. கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்: கன அளவுக்குப் பக்கத்திலேயே குதிரைத்திறனுக்கும் இடம் இருக்கிறது. அங்கே ஓர் எண், எஞ்சினில் வேறோர் எண் என்றால் அதுதான் மாறுபாடு.

இதற்கு ட்யூனிங் கடைகளில் ஒரு பதில் தயாராக இருக்கும். வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றமே 'மாற்றம்' என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நாங்கள் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லையே என்பார்கள். வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவு 52-ஐ இறுக்கமாகவே வாசித்தது: உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றத்துக்கு அனுமதியில்லை. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. சட்டமோ விதிகளோ அனுமதிக்காத விதத்தில் உரிமையாளர் வாகனத்தை மாற்றினால், வெளியிலிருந்து வாங்கிய பாகத்தைப் பொருத்துவது உட்பட, 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒன்றுக்கு' என்பதைக் கவனியுங்கள். ரீமேப், பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), ஓப்பன் ஃபில்டர் (மூடியில்லாத காற்று வடிகட்டி) என்று சேர்ந்து வரும் பேக்கேஜை மூன்றாக எண்ண இடமிருக்கிறது.

அதே பிரிவில் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், டீலருக்கான தண்டனை வாகனம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரை போகிறது. உங்கள் காருக்கு ஃபைல், அதாவது மாற்றிய மென்பொருளை, எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் இந்த மூவரில் யாரும் அல்ல. பொறுப்பு உங்கள் தலையில்தான் வந்து நிற்கும்.

மென்பொருளைத் தொடாமல் வெளியிலிருந்து பொருத்தும் டியூனிங் பாக்ஸ் என்றால் தப்பிக்கலாமா? காமன் ரயில் (உயரழுத்தப் பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் பீய்ச்சும்) டீசலில் அது எரிபொருள் அழுத்த சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி, இ.சி.யூ.வை ஏமாற்றி அழுத்தத்தை ஏற்ற வைக்கிறது. கழற்றினால் தடயம் குறைவு, அவ்வளவுதான். பொருத்தி ஓட்டும்போது அதுவும் மாற்றமே.

எதற்கு வழி உண்டு

எரிபொருளை மாற்றுவதற்குச் சட்டமே கதவு திறந்து வைத்திருக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி ஆகியவற்றுக்கு மாறலாம். ஆனால் கிட் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், ஆர்.சி.யில் எரிபொருள் விவரத்தையும் திருத்த வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி வாகனத்தை மாற்றவும் தனி ஏற்பாடு உள்ளது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் '100 பி.எச்.பி.யை 130 ஆக்கிவிட்டேன், ஆர்.சி.யில் ஏற்றிக் கொடுங்கள்' என்று கேட்க இதுபோன்ற வழி எதுவும் கிடையாது. 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு ரீமேப்' என்று யாராவது விளம்பரம் செய்தால், ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

புகைச் சான்று கேடயமல்ல

பவரைக் கூட்டுவதைவிட ஆபத்தானது, அதோடு இலவசமாகச் செய்து தரும் 'டிலீட்' வேலை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசுத் தரம் கட்டாயமான பிறகு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்துவிட்டது. நகருக்குள் குறுகிய தூரமே ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும். அதைக் குடைந்து எடுத்துவிட்டு, இ.சி.யூ. கேள்வி கேட்காதபடி மென்பொருளில் அணைத்துவிடுவார்கள். ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு), ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவம்) விஷயத்திலும் இதே கதை. இங்கே 'கட்டமைப்பு மாறவில்லை' என்ற வாதமும் எடுபடாது. இது நேராகப் பிரிவு 190(2): காற்று மாசு, இரைச்சல் தரங்களை மீறினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு.

'பி.யு.சி. (புகைச் சான்றுச் சோதனை) பாஸ் ஆகிறதே' என்பார்கள். பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனை நடப்பது வண்டி நின்ற நிலையில், எஞ்சினில் சுமை இல்லாதபோது. ரீமேப் வேலை காட்டுவதோ ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தும்போது. அதனால் நல்ல மேப் (மாற்றி எழுதிய மென்பொருள்) பாஸ் ஆகத்தான் செய்யும். அதில் பாஸ் ஆனதை வைத்து, அந்த மாடல் ஒப்புதல் பெற்ற மாசுத் தரத்தில் இந்தக் கார் இன்னமும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்திருந்தால் பி.யு.சி.யிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

காப்பீடு, வாரண்டி, லோன்

பாலிசி எடுக்கும்போது வாகனத்தில் மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டு ரீமேப் காரை ஓட்டுவது, முக்கியத் தகவலை மறைப்பது. பெரிய விபத்தில் சர்வேயர் இ.சி.யூ.வைப் படிக்கச் சொன்னால் சொந்தச் சேதக் கோரிக்கை நின்றுபோகலாம். எஞ்சினோ டர்போவோ தானாகவே போனால் அந்தப் பேச்சே எழாது: இயந்திரக் கோளாறு சாதாரண மோட்டார் பாலிசியில் முதலிலிருந்தே விலக்கு.

வாரண்டி பற்றிப் பாதி உண்மை ஒன்று சுற்றுகிறது: '2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் செய்தாலும் வாரண்டி போகாது.' அந்தப் பாதுகாப்பு, மத்திய அரசு வரையறுத்த நிபந்தனைப்படி நடக்கும் மாற்றத்துக்கு மட்டும். சர்வீஸ் மையத்தின் ஸ்கேனர், மென்பொருளின் அடையாள எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் சில நொடியில் படித்துவிடும். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல இ.சி.யூ.க்களில் அப்படியே இருக்கும். சில சமயம் வழக்கமான சர்வீஸில் கம்பெனி அப்டேட் ஏறி, காசு கொடுத்து வாங்கிய மேப் அழிந்தும் போகும்.

வாடகைக் கொள்முதலில் எடுத்த வண்டியில், பதிவு உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எந்த மாற்றமும் கூடாது என்று பிரிவு 52 தனியாகவே சொல்கிறது. வங்கி லோன் என்றால் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

டிராக்கில் ஓட்ட

சட்டத்தோடு மோதாத இடம், மூடிய பந்தயத் தடம். கோவை செட்டிப்பாளையத்திலும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் தடங்கள் இருக்கின்றன. டிராக்குக்கு மட்டும் என்று ஒதுக்கிய காரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். சாலையில் ஓட்டியே கொண்டுபோனால் மேலே சொன்ன பிரிவுகள் எல்லாம் திரும்ப வந்துவிடும். ட்யூன் செய்தபின் பைபாஸில் 'லாக் எடுக்க' (எஞ்சின் அளவீடுகளைப் பதிவு செய்ய) முழு வேகத்தில் விரட்டுவதும் வேண்டாம். பொதுச் சாலையில் வேகச் சோதனை பிரிவு 189-இன்படி தனிக் குற்றம். டைனோ (காரை ஓரிடத்தில் நிறுத்தியே பவரை அளக்கும் கருவி) இல்லாத ட்யூனரிடம் போகாமலிருக்க இது ஒன்றே போதும்.

வேலைக்கு விடுமுன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), இன்ஜெக்டர் (எரிபொருள் பீய்ச்சும் பாகம்) திருத்த அளவுகள், இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். கசிவுள்ள எஞ்சினில் மேப் ஏற்றினால், கேட்ட அழுத்தத்தைத் தர டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று தேயும். முதலில் கைவிரிப்பது பெரும்பாலும் கிளட்ச்தான்: 1,800 ஆர்.பி.எம். பக்கத்தில் டார்க் (சுழற்றும் விசை) திடீரென எகிறும்போது மேல் கியரில் நழுவத் தொடங்கும். கியர்பாக்ஸ் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்று கேட்டு, மேப்பை அதற்குக் கீழேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை நம் பம்பு பெட்ரோலில் ஓட்டினால் எஞ்சின் நாக் ஆகும் (எரிபொருள் தாறுமாறாக எரிந்து தட்டும்), இ.சி.யூ. பொறி நேரத்தைப் பின்தள்ளும், சொன்ன பவரும் வராது.

எழுதும்போது பேட்டரியோடு வோல்டேஜ் நிலையாக்கி இணைந்திருக்க வேண்டும். நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் இ.சி.யூ. செத்துப்போகும். அந்தக் காரிலிருந்தே படித்தெடுத்த மூல ஃபைலின் பிரதி ஒன்றையும், மேப் ஏற்றுமுன்னும் பின்னும் எடுத்த டைனோ தாள்களையும் கையில் வாங்கிக்கொண்டே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.