காந்தளை ஏன் ‘சுடர் அல்லி’ ஆக்குகிறீர்கள்?

‘சுடர் அல்லி’ என்ற பெயர் இந்த மாதத்திலேயே மூன்றாவது முறையாக மொழிபெயர்ப்பில் கண்ணில் பட்டது. கூடவே போட்ட படத்தில் இருப்பது காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலருக்கே அதன் ஆங்கிலப் பெயரான ஃபிளேம் லில்லியைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள், பொறுக்கவில்லை.

காந்து என்றால் எரி. வயிறு காந்துகிறது என்கிறோமே, அதே காந்து. காந்தளுக்கு அதைத்தான் வேராகச் சொல்வார்கள். சுடர் பெயருக்குள்ளேயே இருக்கிறது, புதிதாக ஒட்ட வேண்டியதில்லை.

அதைக்கூட விடலாம், அல்லியை விட முடியாது. அல்லி குளத்துப் பூ, இலை தண்ணீரில் மிதக்கும். காந்தளோ காட்டோரப் புதரில் ஏறும் கொடி, இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அக்கம்பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பூ கவிழ்ந்து தொங்கும், ஆனால் ஆறு இதழ்களும் ஓரம் நெளிநெளியாக, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகப் பின்னால் வளைந்து மேல்நோக்கி நிற்கும். ‘உடைவளை கடுப்ப மலர்ந்த காந்தள்’ என்கிறார் ஔவையார், புறநானூறு 90. உடைந்த வளையல் துண்டுகள்! அந்த வளைவை உற்றுப் பார்த்தவர் சொன்ன உவமை அது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் காந்தள், அடுத்ததே ஆம்பல். ஆம்பல்தான் அல்லி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறு வேறு பூ என்று அன்றே தெளிவாகச் சொன்னதை இன்று நாம் குழப்புகிறோம்.

லில்லிக் குடும்பம்தானே என்பார்கள். பழைய வகைப்பாட்டில் சரி, இப்போது காந்தள் இருப்பது கோல்ச்சிகேசி குடும்பத்தில். லில்லியாகவே இருந்தாலும் லில்லி வேறு, அல்லி வேறு. வாட்டர் லில்லிக்கு அல்லி என்று சரியாகத்தான் பெயர்த்தோம். அப்புறம் வாட்டரை மறந்துவிட்டு, லில்லி என்று முடிகிற எல்லாவற்றுக்கும் அல்லி போடும் பழக்கம் வந்துவிட்டது. பீஸ் லில்லி சேம்பின் குடும்பம், அதையும் அல்லி என்பதா? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் செடியின் படத்தை ஒரு தடவை பார்க்கலாம். உண்மையான லில்லியை லில்லி என்றே எழுதுங்கள், யாருக்கும் நட்டமில்லை.

காந்தள் இலக்கியச் சொல்லாகத் தோன்றினால் கார்த்திகைப்பூ இருக்கிறது. விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள், கிழங்கின் வடிவத்தைப் பார்த்துக் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். இதில் எதைச் சொன்னாலும் விஷச்செடி என்று ஊரில் தெரியும். செடி முழுக்கக் கோல்ச்சிசின் என்ற நஞ்சு, கிழங்கைத் தின்றால் உயிர் போகும். அல்லிக்கிழங்கையோ அவித்துத் தின்பார்கள்.